பாதத்துக்கும் பயிற்சி வேண்டும்

காலை ஆறு மணிக்கு நம் ஊர் மாநகராட்சிப் பூங்கா எதற்குள் நுழைந்தாலும், கூழாங்கல் பதித்த நடைபாதையின் ஓரத்தில் செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடக்கும். ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கற்களின் மேல் நடப்பார்கள். பக்கத்திலேயே எட்டு வடிவப் பாதையில் இன்னும் சிலர் சுற்றிக்கொண்டிருப்பார்கள். வெறுங்காலில் நடந்தால் குதிகால் வலி போய்விடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சர்க்கரை இறங்கும், பாதத்தில் உள்ள புள்ளிகள் தூண்டப்பட்டுச் சிறுநீரகமும் கல்லீரலும் சீராகும் என்று வாட்ஸ்அப்பில் படித்திருப்பார்கள். நம்பிக்கையோடு வந்து, வலியைப் பொறுத்துக்கொண்டு நடக்கும் இவர்களிடம் எது உண்மை, எது ஆபத்து என்று பிரித்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

வெறுங்கால் நடையை நான் மனதார ஆதரிக்கிறேன். பலவீனமான பாதத்தை நடுவயதுக்குப் பிறகும் வலுப்படுத்த முடியும் என்பதற்கு இன்று நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஆனால், செருப்பைக் கழற்றுவதே சிகிச்சை ஆகிவிடாது. பாதத்துக்கு அளவறிந்து வேலை கொடுப்பதுதான் சிகிச்சை; வெறுங்கால் நடை அந்த வேலையின் ஒரு வடிவம், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் போனவர்கள் எலும்பு முறிவு வரை போயிருக்கிறார்கள்.

உள்ளங்காலின் நான்கு அடுக்குகள்

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. உடலில் உள்ள எலும்புகளில் ஏறத்தாழ கால்பங்கு இரண்டு பாதங்களில்தான் இருக்கிறது. உள்ளங்காலில் சின்னச் சின்னத் தசைகள் நான்கு அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. விரல்களை விரிப்பது, மடக்குவது, தரையைப் பற்றுவது, பாத வளைவைத் தாங்குவது எல்லாம் இவற்றின் பொறுப்பு. இவற்றுக்கும் கீழே, குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. நடையில் குதிகால் எழும்பி, பெருவிரல் மேல்நோக்கி வளையும்போது இந்தப் பட்டை இழுபட்டு வளைவை உயர்த்துகிறது. தளர்வாக இருந்த பாதம் உடலை முன்னே தள்ளும் அளவுக்கு உறுதியாகிறது. இந்த இயக்கத்தை ஜே.எச்.ஹிக்ஸ் 1954இல் விளக்கினார். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் இழந்து திரும்பப் பெறும் ஆற்றலில் சுமார் 17 சதவீதத்தைப் பாத வளைவு சேமித்துத் திருப்பித் தருகிறது என்று 1987இல் 'நேச்சர்' இதழில் ஆர்.எஃப்.கெர் குழுவினர் எழுதினார்கள்.

முதுகுவலி என்று போனால் வயிற்றைச் சுற்றியுள்ள ஆழ்தசைகளை வலுப்படுத்தச் சொல்கிறார்கள் அல்லவா? அதே பார்வையைப் பாதத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்று பேட்ரிக் மெக்கியான், ஐரீன் டேவிஸ் உள்ளிட்டோர் 2015இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் எழுதினார்கள். பாதத்தில் வலி என்றவுடன் வளைவுக்கு அடியில் தாங்கி வைத்துத் தைத்த காலணியைப் பரிந்துரைப்பது வழக்கம். அந்தத் தாங்கி வலியைக் குறைக்கும். கடுமையான வலி உள்ள நாள்களில் அது அவசியமும்கூட. ஆனால், மாவுக்கட்டுக்குள் மாதக்கணக்கில் இருந்த கை மெலிந்துபோவதைப் பார்த்திருக்கிறோம். தாங்கிக்குள்ளேயே ஆயுள் முழுக்கப் பாதத்தை வைத்திருந்தால் அந்தத் தசைகளின் கதி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில் நம்மவர்கள் நியாயமான ஒரு கேள்வியை எழுப்புவார்கள்: 'நாம்தான் வீட்டுக்குள் எப்போதும் வெறுங்காலோடு இருக்கிறோமே, பிறகு ஏன் குதிகால் வலி?' மேலைநாட்டு வெறுங்கால் பிரச்சாரத்தை அப்படியே இங்கு இறக்கிக்கொள்ள முடியாததற்குக் காரணம் இந்தக் கேள்விதான். காலையில் எழுந்தது முதல் படுக்கப்போகும் வரை ஷூவோடு இருப்பவருக்கு அதைக் கழற்றுவதே பெரிய மாற்றம். நமக்கு அப்படி இல்லை. நாம் பாதி நாள் வெறுங்காலோடுதான் இருக்கிறோம். ஆனால், எந்தத் தரையில் என்று பாருங்கள். டைல்ஸ், கிரானைட், மொசைக். எல்லாம் ஒரே மட்டம், ஒரே வழவழப்பு. பாதம் வளைந்து கொடுக்க வேண்டிய மேடும் இல்லை, விரல்கள் பற்றிக்கொள்ள வேண்டிய சரிவும் இல்லை.

அதோடு, அந்தத் தரையில் நாம் பெரும்பாலும் நடப்பதில்லை, நிற்கிறோம். அடுப்படியில் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் பெண்ணின் குதிகால் எலும்புக்கு ஒரே புள்ளியில் தொடர்ந்து அழுத்தம் விழுகிறது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களின் நிலையும் அதுதான். அவர்கள் உட்கார்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது பாதநலத்துக்குமான ஒரு நடவடிக்கை என்றே நான் பார்க்கிறேன். நீண்ட நேரம் நிற்பது, உடல் எடை, இறுகிப்போன கெண்டைக்கால் தசை ஆகிய மூன்றும் குதிகால் வலிக்கு முக்கியமான காரணங்கள் என்று மருத்துவம் சொல்கிறது. குத்துக்காலிட்டு உட்காரும் பழக்கம் போனது. வரப்பில் நடப்பது போனது. பக்கத்துத் தெருவுக்கும் இருசக்கர வாகனம் வந்தது. இப்படிப் பாதத்தின் வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோக, நிற்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ரோம் நகரத்து வெற்றியும் அதற்குப் பின்னும்

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடிகளில் தங்கம் வென்றார். வெறுங்கால் ஓட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் அதே பிக்கிலா ஷூ அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடிகளில் மீண்டும் தங்கம் வென்றதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இரண்டு வெற்றிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இளமையிலிருந்தே வேலை செய்து உரமேறிய பாதம் அவருடையது; அதன் மேல் ஷூ இருந்ததா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லிபர்மன் 2010இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுவதும் பேசப்பட்டது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களில், கென்ய ஓட்டக்காரர்களையும் சேர்த்து, பெரும்பாலோர் முன்பாதத்தில் இறங்குகிறார்கள். அதனால் கடினமான தரையிலும் மோதலின் விசை குறைகிறது என்றது அந்த ஆய்வு. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த கிறிஸ்டோபர் மெக்டூகலின் 'பார்ன் டு ரன்' என்ற நூல், மெக்சிகோ மலைகளில் மெல்லிய செருப்போடு நெடுந்தொலைவு ஓடும் தாராவுமாரா மக்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியிருந்தது. இரண்டும் சேர்ந்து ஓர் அலையைக் கிளப்பின. ஐந்து விரல்களுக்கும் தனித்தனி உறை வைத்த மெல்லிய காலணிகள் விற்றுத் தீர்ந்தன.

பல ஆண்டுகள் தடித்த ஷூவுக்குள் இருந்த பாதங்களோடு மக்கள் அதே தூரத்தை, அதே வேகத்தில் ஓடினார்கள். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சாரா ரிட்ஜ் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் 36 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் 19 பேர் பத்து வாரங்களில் ஐவிரல் காலணிக்கு மாறினார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது அந்த 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோப்பு கூடியிருந்தது. எலும்பு தாங்க முடியாத சுமையைத் தாங்குகிறது என்பதற்கான அறிகுறி அது. கவனியுங்கள், இவர்கள் திடீரென்று மாறியவர்கள்கூட இல்லை; படிப்படியாக மாறும்படி சொல்லப்பட்டவர்கள்தான். அந்தக் காலணியைத் தயாரித்த விப்ரம் நிறுவனம், பாதத் தசைகள் வலுப்பெறும் என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் இல்லை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 37.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள 2014இல் முன்வந்தது.

அத்தோடு வெறுங்கால் இயக்கம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அதே சாரா ரிட்ஜ் 2019இல் வேறு கேள்வியோடு திரும்பினார்: ஓடாமல், மெல்லிய காலணியில் நடந்தால் மட்டும் என்ன ஆகும்? எட்டு வாரங்கள், நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். பாதப் பயிற்சிகள் செய்தவர்களுக்கு எவ்வளவு தசை வலு கூடியதோ, ஏறக்குறைய அதே அளவு நடந்தவர்களுக்கும் கூடியது. 2021இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆறு மாதங்கள் அன்றாட வேலைகளை மெல்லிய காலணியோடு செய்தவர்களின் பாத வலு சராசரியாக 57 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டார்கள். பிரேசிலில் 118 ஓட்டக்காரர்களை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வில், பாதத் தசைப் பயிற்சி செய்யாதவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு, செய்தவர்களைவிட 2.4 மடங்கு அதிகமாக இருந்தது. ஓட்டத்தில் தோற்ற யோசனை நடையில் வென்றிருக்கிறது. எலும்பும் தசைநாரும் தசையைவிட மெதுவாகத்தான் பழகும். அவற்றுக்கு அவகாசம் கொடுத்தபோது பலன் கிடைத்திருக்கிறது.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். லிபர்மன் சொன்ன முன்பாத இறக்கம் ஓட்டத்துக்கு உரியது. நடக்கும்போது மனிதர்கள் வெறுங்காலிலும் குதிகாலைத்தான் முதலில் ஊன்றுகிறார்கள், அதுவே இயல்பு. 'வெறுங்கால் முறை' என்று நினைத்துக்கொண்டு நுனிக்காலில் நடைபயிற்சி செய்பவர்கள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கூழாங்கல் பாதைக்கு வருவோம். பாதத்தின் குறிப்பிட்ட புள்ளியை அழுத்தினால் குறிப்பிட்ட உள்ளுறுப்பு சரியாகும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. பூங்காக்களில் அந்தப் புள்ளிகளின் படத்தைப் பலகையாக மாட்டி வைப்பதை மாநகராட்சிகள் நிறுத்த வேண்டும். ஆனால், பாதையே வீண் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் ஓரிகனில் 60 வயதைக் கடந்த 108 பேரைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கூழாங்கல் போன்ற மேடுபள்ள விரிப்பில் 16 வாரங்கள் நடந்தவர்களுக்கு, சாதாரணமாக நடந்தவர்களைவிடச் சமநிலை மேம்பட்டது, ரத்த அழுத்தமும் குறைந்தது. சமமற்ற தரையில் பாதமும் கணுக்காலும் ஒவ்வொரு கணமும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. முதியவர்கள் தடுக்கி விழாமல் இருக்க அந்த வேலைதான் பயிற்சி. பல்லைக் கடித்துக்கொள்ளும் அளவுக்கு வலி தேவையே இல்லை. கூர்மையான கல்லில் அரை மணி நேரம் துன்பப்படுவதைவிட, புல்லிலும் மண்ணிலும் கால் மணி நேரம் விரல்களை விரித்து நடப்பது நல்லது.

விரலைத் தூக்கிப் பாருங்கள்

கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே சுருக்கென்று குத்தும் குதிகால் வலி எனக்கும் வந்திருக்கிறது. அப்போது பார்த்த இயன்முறை மருத்துவர் என் காலைத் தொடுவதற்கு முன்பே ஒரு வேலை கொடுத்தார். பாதத்தைத் தரையில் ஊன்றியபடி பெருவிரலை மட்டும் தூக்கச் சொன்னார். ஐந்து விரல்களும் சேர்ந்தே எழுந்தன. பிறகு பெருவிரலை ஊன்றிக்கொண்டு மற்ற நான்கையும் தூக்கச் சொன்னார். ஒன்றும் அசையவில்லை. இதைப் படிக்கும்போதே நீங்களும் செய்து பாருங்கள். செருப்பில்லாமல் வளர்ந்த கிராமத்துப் பெரியவர்களில் பலர் எளிதாகச் செய்வார்கள். நம்மில் பலருக்கு வராது. தசை இருக்கிறது, அதை இயக்கும் பழக்கம் மூளைக்கு விட்டுப்போயிருக்கிறது. முதல் சில நாள்கள் கையால் விரலைத் தூக்கிக் காட்டிப் பழக்கினால், பிறகு விரல் தானாகவே எழும். அது எழும் நாளில் கிடைக்கும் மகிழ்ச்சியை நான் அனுபவித்திருக்கிறேன். உடலின் ஒரு பாகம் திரும்பக் கிடைத்ததாகவே உணர்ந்தேன்.

அடுத்தது பாதத்தைக் குறுக்கும் பயிற்சி. விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுக்க முயல வேண்டும். வளைவு சற்றே எழும்பும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. உள்ளங்காலில் மட்டும் ஒரு பிடிப்பு தெரியும். ஐந்து விநாடிகள் வைத்திருந்து விட வேண்டும். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பழகியபின் நின்றபடி, அதன் பின் ஒற்றைக் காலில். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதும் செய்யலாம். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதும் நல்ல பயிற்சிதான். வயதானவர்கள் சுவரையோ வாஷ்பேசினையோ ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

குதிகால் வலிக்கு எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் பயிற்சி, டென்மார்க்கின் மிக்கேல் ராத்லெஃப் குழுவினர் ஆராய்ந்தது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். விரல்கள் மேல்நோக்கி வளைந்திருப்பதால் அந்த நார்ப்பட்டை இழுபட்ட நிலையில் இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் குதிகாலை மூன்று விநாடிகளில் உயர்த்தி, இரண்டு விநாடிகள் நிறுத்தி, மூன்று விநாடிகளில் இறக்க வேண்டும். தினமும் அல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள். தசை இழுப்புப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இதைச் செய்தவர்கள் மூன்று மாதங்களில் கூடுதலாகத் தேறினார்கள்; ஓராண்டு முடிவில் இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்தார்கள். விரைவில் நிவாரணம் தேடுபவருக்கு இது பெரிய செய்தி. ஒரு காலால் முடியாதவர்கள் இரண்டு காலாலும் தொடங்கலாம்.

வெறுங்கால் நடையை இந்தப் பயிற்சிகளோடு சேர்த்துத்தான் தொடங்க வேண்டும். சுத்தமான மண் தரையிலோ புல்லிலோ ஐந்து நிமிடம் போதும். மறுநாள் காலையில் பாதம் என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். தசை லேசாகக் கனத்தால் நல்லது. எலும்பின் மேல் விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் வலித்தால், நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடற்கரையில் நடப்பவர்கள் ஈரம் படிந்த இறுகிய மணலில் தொடங்குவது நல்லது. உலர்ந்த மணலில் கால் புதைவதால் கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் சுமை அதிகம். வாரத்துக்கு இரண்டு, மூன்று நிமிடங்கள் கூட்டிக்கொண்டே போனாலும் சில மாதங்களில் அரை மணி நேர நடை கைகூடும். காய்ப்பு ஏறுமே என்று பயப்பட வேண்டாம். கென்யாவில் வெறுங்காலில் நடப்பவர்களை ஆராய்ந்த நிக்கோலஸ் ஹோலோவ்கா குழுவினர், காய்ப்பு தடித்தாலும் தரையை உணரும் திறன் குறைவதில்லை என்று 2019இல் காட்டியிருக்கிறார்கள்.

நம் ஊரில் ஆண்டுதோறும் பல லட்சம் பாதங்கள் எந்த முன்தயாரிப்பும் இல்லாமல் பெரும் சுமையை ஏற்கின்றன. தைப்பூசத்துக்குப் பழனிக்கும், செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கும் நடப்பவர்களைச் சொல்கிறேன். வருடம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, திடீரென்று தார் சாலையில் நாளுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்தால் கொப்புளம் மட்டுமல்ல, பாத எலும்பில் விரிசலும் வரலாம். நேர்ச்சையை நான் மதிக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருப்பவர்களுக்கு அந்த நாள்களே அருமையான பயிற்சிக் காலம். குருசாமிகள் விரத நியமங்களைச் சொல்லும்போதே, தினசரி நடையை எப்படிக் கூட்டுவது என்பதையும் சொல்லிக்கொடுக்கலாம். அவர்கள் சொன்னால் மருத்துவர் சொல்வதைவிட அதிகம் பேர் கேட்பார்கள்.

யார் நடக்கக் கூடாது

கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்காகப் பணியாற்றியபோது ஓர் உண்மையைக் கண்டறிந்து உறுதிப்படுத்தினார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் தாமாக அழுகி விழவில்லை. வலி தெரியாததால், காயம்பட்ட காலையே மேலும் மேலும் ஊன்றி நடந்ததால்தான் அவை அழிந்தன. வலி எவ்வளவு பெரிய காவல் என்பதை அவரைப் போல் விளக்கியவர்கள் குறைவு. அந்தப் பாதங்களுக்காக மென்மையான நுண்ணறை ரப்பரில் செருப்பு செய்யும் முயற்சிகளில் அவர் முன்னின்றார். இன்று மருத்துவமனை வாசல் கடைகளில் 'எம்சிஆர் செருப்பு' என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. பின்னாளில் அமெரிக்கா சென்ற அவர், நீரிழிவாளர்களின் கால் புண்ணுக்கும் இதே பாடத்தைப் பொருத்தினார்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. இவர்களில் கணிசமானவர்களுக்குப் பாதத்தில் உணர்வு மங்கியிருக்கிறது. பலருக்கு அது தெரியாது. 'சர்க்கரைக்கு நல்லது' என்ற பேச்சை நம்பிக் கூழாங்கல்லில் ஏறுபவர்கள் இவர்கள்தான் என்பது என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. முள் குத்தியதுகூடத் தெரியாமல், மாலையில் காலுறையில் ரத்தக் கறையைப் பார்த்துக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் நடந்து, கால் வெந்ததை வீட்டுக்கு வந்து பார்த்தவர்களை நீரிழிவு மருத்துவர்கள் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறார்கள். பிரகாரத்தில் தேங்காய் நார் விரிப்பு போடுவதும் வெப்பம் தணிக்கும் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் பக்தர்களின் சௌகரியத்துக்கான ஏற்பாடாக மட்டும் கருதப்படுகின்றன. சிலருக்கு அது காலைக் காப்பாற்றும் ஏற்பாடு.

நீரிழிவு உள்ளவர்கள் செருப்பைக் கழற்றும் முன் மோனோஃபிலமென்ட் சோதனை செய்துகொள்ள வேண்டும். மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். இரண்டு நிமிட வேலை. உணர்வு குறைந்திருந்தால் வெறுங்கால் நடை கூடவே கூடாது, வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். ஆனால், பாதப் பயிற்சி அவர்களுக்கும் மறுக்கப்பட்டதல்ல. புண் இல்லாத நிலையில், மருத்துவர் அனுமதியோடு, உட்கார்ந்தபடி விரல் பயிற்சிகளையும் எம்சிஆர் செருப்போடு குதிகால் உயர்த்தும் பயிற்சியையும் செய்யலாம்.

வெறுங்காலைப் புகழும்போது நம் மண்ணில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்படி தலித் மக்கள் தலைமுறை தலைமுறையாக அவமதிக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமை எல்லா ஊரிலும் ஒழிந்துவிட்டதாக இன்றும் சொல்ல முடியாது. அவர்களுக்குச் செருப்பு என்பது போராடிப் பெற்ற உரிமை. வயலில் வெறுங்காலோடு நின்றவர்களின் பாதங்களில் முள் குத்திய வழியே புகுந்து, பாதத்தையே உருக்குலைத்த ஒரு நோயை 1842இல் மதுரையில் பதிவுசெய்தார்கள். இன்றுவரை உலக மருத்துவ நூல்களில் அந்த நோயின் பெயர் 'மதுரா பாதம்'. கொக்கிப்புழுவும் மண்ணிலிருந்து பாதத்தின் தோல் வழியாகத்தான் உடலுக்குள் நுழைந்து ரத்தத்தைக் குடிக்கிறது. வயலில் நிற்பவருக்கும், துப்புரவுத் தொழிலாளிக்கும், செங்கல் சூளையில் வேலை பார்ப்பவருக்கும் நல்ல காலணி கிடைக்க வேண்டும் என்பதில் சமரசம் இல்லை. வெறுங்கால் நடை என்பது காலணி வைத்திருப்பவர் தன் விருப்பத்தின் பேரில், பாதுகாப்பான தரையில், குறிப்பிட்ட நேரம் செய்யும் பயிற்சி. அந்த எல்லையைத் தாண்டி அதை யாருக்கும் அறிவுரையாகச் சொல்லக் கூடாது.

குழந்தைகளிடமிருந்து தொடங்கலாம்

பாதத்தின் பலத்துக்கு அடித்தளம் விழும் வயது குழந்தைப் பருவம். 4 முதல் 13 வயது வரையான 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களைக் கர்நாடக மருத்துவர்கள் யு.பி.ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி அணிபவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது, அணியாதவர்களில் 2.8 சதவீதம்தான். விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடம் அதிகமாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. சின்னக் குழந்தைகளுக்குப் பாதம் தட்டையாக இருப்பது இயல்பு, வலி இல்லாத தட்டைப்பாதம் நோயும் அல்ல; பெற்றோர் பதற வேண்டியதில்லை. ஆனாலும் நம் நாட்டுக் குழந்தைகளிடமே எடுக்கப்பட்டு, உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் இந்த ஆய்வு நம் பள்ளிகளின் சீருடை விதிகளில் எந்தத் தாக்கத்தையும் ஏற்படுத்தவில்லை என்பது வருத்தமளிக்கிறது. எல்கேஜி குழந்தைகூட முன்பக்கம் குறுகிய கறுப்பு ஷூவையும் நைலான் காலுறையையும் காலை எட்டு மணிக்கு மாட்டினால், மாலை நான்கு மணிக்குத்தான் கழற்றுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இதற்கு என்ன தேவை இருக்கிறது?

ஐந்தாம் வகுப்புவரை ஷூ கட்டாயம் என்ற விதியைத் தனியார் பள்ளிகள் கைவிட்டு, விரல்கள் விரிய இடம் தரும் செருப்பை அனுமதிக்கலாம். அரசு விலையின்றித் தரும் காலணிகளை வாங்கும்போது முன்பக்க அகலத்தையும் அடித்தட்டு வளைந்துகொடுக்கும் தன்மையையும் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையில் சேர்க்கலாம். விளையாட்டுப் பாடவேளையில் சலித்துக் கொட்டிய மணலில் குழந்தைகள் வெறுங்காலோடு கபடியோ பாண்டியோ ஆடட்டும். அந்த மணலில் கண்ணாடித் துண்டும் நாய்க்கழிவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும், ஆடி முடித்ததும் கால் கழுவவும் ஏற்பாடு வேண்டும். குடற்புழு நீக்க மாத்திரை தரும் அதே சுகாதாரத் துறை இந்த மணல்திடல்களையும் ஆய்வு செய்யலாம். மாநகராட்சிகளும் அடுத்த பூங்காவுக்குத் திட்டம் போடும்போது சுற்றுப்பாதை முழுவதையும் பேவர் பிளாக்கால் மூடாமல், ஓரமாக நான்கு அடி அகலத்துக்கு மண்ணாகவே விட்டு, அதன் தொடக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும், உணர்வு குறைந்த பாதத்தோடு இதில் இறங்க வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகையும் வைக்கட்டும்.